டீ எதற்கு இரண்டு தடவை?

கேள்வி கேட்காமல் என்னால் ஐந்து நிமிஷம் இருக்க முடியாது. ஆட்டோக்காரரிடம் ஏன் இந்த வழி என்று கேட்பேன். டாக்டரிடம் ஏன் இந்த மாத்திரை என்று கேட்பேன். கோயிலில் பொங்கல் வாங்கும்போது இது நெய்யா டால்டாவா என்று கேட்டு, எனக்குப் பின்னால் நின்ற முப்பது பேரின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டிருக்கிறேன். ஆபீசில் எனக்கு வேலையே அதுதான். மற்றவர்கள் எழுதின ப்ரோகிராமில் எங்கே ஓட்டை என்று தேடிக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். சம்பளம் வாங்கிக்கொண்டு நொட்டை சொல்லும் உத்தியோகம் என்பார் என் வீட்டுக்காரர். எனக்கு அதில் பெருமைதான் இருந்தது, போன வருஷம் வரைக்கும்.

நான் சேர்ந்திருக்கும் குழுவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உடைந்த சாமானைத் தூக்கி எறியாதே, சரிபண்ணி வைத்துக்கொள் என்று சொல்லும் கூட்டம் அது. பல ஊர்களில் ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஹாலைப் பிடித்து, ரிப்பேர் மேளா என்று போர்டு மாட்டி, அக்கம்பக்கத்து ஃபேன், மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றையும் அவரவர் கண் முன்னாலேயே பிரித்துச் சரிசெய்து கொடுப்பார்கள். காசு வாங்குவதில்லை. இந்தக் குழுவுக்குத் தலைவர் கிடையாது, செயலாளர் கிடையாது, ஒரு நாற்காலி போட ஆபீஸ்கூடக் கிடையாது. இருப்பது ஒரு பொது நிதி. மேளா நடத்த நினைக்கிறவர்கள் ஹால் வாடகைக்கும் சாமானுக்கும் டீக்கும் அதிலிருந்து கேட்கலாம். எல்லோரும் பார்க்கும்படி இணையப் பக்கத்தில் விண்ணப்பம் போட வேண்டும். ஐந்து ஊர்களிலிருந்து ஐந்து பேர் அதைப் பார்த்து முடிவு செய்வோம். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் அந்த ஐவரில் நானும் ஒருத்தி.

தலைவரே இல்லாத இடத்தில் சரி என்று சொல்வது யார்? அதற்கு ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம். ஐந்து பேரில் யாரும் ஏழு நாள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் விண்ணப்பம் பாஸ். அன்றைக்கே பணம் போய்விடும். யாராவது கேள்வி கேட்டால், அதற்குப் பதில் வந்த நாளிலிருந்து மறுபடியும் முதலிலிருந்து ஏழு நாள். இந்த இரண்டாவது விதியை எழுதினது நான்தான்.

சும்மா எழுதவில்லை. அதற்கு முந்தின வருஷம் ஒரு ஊரில் ஒருத்தர் மேளா என்று சொல்லிப் பணம் வாங்கி, ஹோட்டல் ஹாலில் தன் மகன் கடைக்கு விளம்பர பேனர் கட்டி, பெயருக்கு இரண்டு டேபிள் ஃபேனைத் துடைத்து வைத்து போட்டோ எடுத்துப் போட்டார். விண்ணப்பத்தில் கேள்வி கேட்டிருந்தோம். அவர் பதிலே போடாமல் ஏழு நாளை ஓட்டிவிட்டார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. அன்றைக்கே உட்கார்ந்து புது விதியை எழுதினேன். "அவசரம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களுக்காக வளைந்து கொடுத்தால் அது விதியே இல்லை" என்று ஒரு வரியும் சேர்த்தேன். கட்டைவிரல் உயர்த்தும் படங்கள் மளமளவென்று வந்து விழுந்தன. அந்த வரியை நானே நாலைந்து தடவை திறந்து படித்துச் சந்தோஷப்பட்டேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அந்த விண்ணப்பம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. குஷாய்குடாவிலிருந்து. எங்கள் வீடு சைனிக்புரியில், இரண்டும் செகந்திராபாத் பக்கம். ஸ்கூட்டரில் போனால் பதினைந்து நிமிஷம். நம்ம ஊரிலிருந்து ஒன்று வந்திருக்கிறதே என்று ஆசையாகத் திறந்தேன். எழுதியிருந்தவள் சனத்நகரில் டிரான்ஸ்ஃபார்மருக்குக் காயில் சுற்றும் ஒரு பட்டறையில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவள். பட்டறையை மூடிவிட்டார்கள். அவளோடு வேலை பார்த்த இன்னும் ஐந்து பெண்களும் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு பேருக்கும் சால்டரிங் தெரியும், மோட்டார் பிரித்துக் கட்டத் தெரியும். காலனிச் சங்கத்து ஹாலில் ஒருநாள் மேளா நடத்த வேண்டும் என்பதுதான் அவள் கேட்டது.

ஏன் இந்தத் தேதி என்று ஒரு கட்டம் உண்டு. அதில் அவள் எழுதியிருந்ததை நான் இன்றைக்கும் வரி மாறாமல் சொல்வேன். "ஹாலை ஒட்டி ஒரு சின்ன அறை பூட்டிக் கிடக்கிறது. ரிப்பேர்க் கடை போட அதைக் கேட்டிருக்கிறோம். பெண்கள் இந்த வேலை செய்வார்களா என்று கமிட்டிக்குச் சந்தேகம். அந்த ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக்காரர்கள் வந்து பார்ப்பார்கள். கூட்டம் வந்தால் அறை எங்களுக்கு."

ஐந்து வாரம் முன்னாடியே போட்டிருந்தாள். ஒழுங்காகத் திட்டம் போடுகிற பெண் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். எனக்கு அந்த விண்ணப்பம் ரொம்பப் பிடித்தது. மற்ற நாலு பேருக்கும் பிடித்திருந்தது என்று பிற்பாடு தெரிந்தது. மறுக்க வேண்டும் என்று ஒருத்தர் மனசிலும் இல்லை.

அப்புறம் என்ன கேடு என்று கேட்கிறீர்களா? பிடித்திருந்தால் எங்கள் ஆட்கள் செய்ய வேண்டியது வாயை மூடிக்கொண்டிருப்பது. அதுதான் எங்களுக்கு வராது. ஒன்றும் சொல்லாமல் விட்டால் இவர் படிக்கவே இல்லை என்று நினைத்துவிடுவார்களோ என்று ஒவ்வொருவருக்கும் ஒரு உறுத்தல். அந்த உறுத்தலும் முதல் நாளே வராது. வேலை, வீடு, பிள்ளைகள் எல்லாம் பார்த்துவிட்டு, அடடா நாளையோடு முடிகிறதே என்று ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோதான் வரும்.

ஆறாம் நாள் புனேக்காரர் கேட்டார், ஹாலுக்குச் சக்கர நாற்காலி போகுமா என்று. அன்றைக்கே பதில் வந்தது, சாய்தளத்தின் போட்டோவோடு. ஏழு நாள் மறுபடி முதலிலிருந்து. ஐந்தாம் நாள் கொச்சிக்காரி கேட்டாள், சரிசெய்ய முடியாத சாமான்களை என்ன செய்வீர்கள் என்று. காயலான் கடைக்காரரிடம் பேசிவிட்டுப் பதில் போட விண்ணப்பம் போட்டவளுக்கு இரண்டு நாளாயிற்று. மறுபடி முதலிலிருந்து. அடுத்தது நான். சால்டரிங் செய்யும் இடமாயிற்றே, தீயணைப்பான் இருக்கிறதா, தேதி காலாவதி ஆகவில்லையே என்று கேட்டேன். மறுநாள் வெள்ளிக்கிழமை பதில் போட்டாள். சிவப்பு சிலிண்டர் பக்கத்தில் தானே நின்று, தேதி தெரிகிற மாதிரி விரலால் காட்டி ஒரு போட்டோ. முகம் பாதி வெட்டுப்பட்டிருந்தது. பாருங்கள், கேள்வி கேட்டதால்தானே இது உறுதியாயிற்று என்று வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டேன். மறுபடி முதலிலிருந்து.

வியாழக்கிழமை காலை. ஆறாம் நாள். மறுநாளோடு பாஸ். பால்கனியில் உட்கார்ந்து கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று விண்ணப்பத்தைத் திறந்தேன். செலவுப் பட்டியலில் டீ என்று ஒரு வரி, நாலு வரி தள்ளி மறுபடியும் டீ என்று ஒரு வரி. எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. பெரிய தொகை ஒன்றும் இல்லை. அது தப்பாகவே இருந்தாலும் யார் குடியும் முழுகாது. ஆனாலும் விரல் சும்மா இருக்கவில்லை. "ஒருநாள் மேளாவுக்கு டீ எதற்கு இரண்டு தடவை?" என்று தட்டிவிட்டேன். என் கையில் அப்போது இருந்தது அன்றைய இரண்டாவது காபி. அது அப்போது என் மண்டையில் உறைக்கவில்லை.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. "பதினோரு மணி டீ, சாமான் கொண்டு வருகிறவர்களுக்கு. நாலு மணி டீ, ரிப்பேர் செய்யும் பெண்களுக்கு. அவர்கள் பத்து மணிக்கு உட்கார்ந்தால் நடுவில் எழுந்திருக்க மாட்டார்கள்."

சரிதான், நியாயம்தான் என்று கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினேன்.

மறுநாள் ஆபீஸ் கேபில் போகும்போது ஏதோ நினைப்பில் அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தேன். ஹால் வாடகை என்ற வரிக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. முன்பணத்தை மேளாவுக்கு ஒரு வாரம் முன்னாடி, ஞாயிற்றுக்கிழமைக்குள் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஹால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று. முதல் நாளே எழுதிவைத்த குறிப்புதான். நானும் படித்ததுதான். மேளாத் தேதியை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு, நிறைய நாள் இருக்கிறது, நிறைய நாள் இருக்கிறது என்று நினைத்திருக்கிறேன். விரல் விட்டு எண்ணினேன். நேற்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்றைக்கு, இந்த வெள்ளிக்கிழமை, பாஸ் ஆகியிருக்கும். பணம் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஹால் அவளுக்கு. நான் கேட்டதால் இனி அடுத்த வியாழக்கிழமைதான். பக்கத்து சீட்டுப் பெண், "ஏமைந்தண்டி, ஒண்ட்லோ பாகலேதா?" என்று தெலுங்கில் உடம்புக்கு என்னவென்று விசாரிக்கிற அளவுக்கு என் முகம் போயிருந்தது.

கேபிலேயே எழுதினேன். என் கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், நாட்களைப் பழைய கணக்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் முன்பணம் கட்டாவிட்டால் ஹால் போய்விடும் என்று. நாலு பேருக்கும் தனித்தனியாகவும் அனுப்பினேன். இரண்டு பேர் பார்க்கவே இல்லை. புனேக்காரர், கேள்வியைத் திரும்பப் பெறலாம் என்று விதியில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்று கேட்டார். எங்கேயும் இல்லை. எழுதின மகராசிக்குத்தான் தெரியுமே. கொச்சிக்காரி ரொம்ப மரியாதையான பெண். "உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் நீங்களே முன்பு அழகாகச் சொல்லியிருக்கிறீர்கள்" என்று ஆரம்பித்து, அவசரம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களுக்காக வளைந்து கொடுத்தால் என்ற என் வரியை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தாள்.

யாரிடம் போய் முறையிடுவது? தலைவர் என்று ஒருத்தர் இருந்தால் காலில் விழலாம், சட்டையைப் பிடிக்கலாம். எங்களுக்குத்தான் தலைவரே வேண்டாம் என்று மார்தட்டிக்கொள்கிறோமே.

அன்று சாயங்காலம் வீட்டில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்தேன். துவைத்த துணியை மடித்து, அடுக்கி, மறுபடி கலைத்து மடித்தேன். வீட்டுக்காரர் செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார். அந்த ஊர் உருது கலந்துதான் பேசுவார், ஏன் என்பதற்குக் கைக்கு, வேண்டாம் என்பதற்கு நக்கோ, முடிந்தது என்பதற்குக் கத்தம்.

"கைக்கு மா இவ்ளோ டென்ஷன்? அந்த அட்வான்ஸ் எவ்ளோ ஆவும்? நீயே குடுத்துடு. கத்தம்."

"நான் எப்படிங்க குடுக்க முடியும்? முடிவு பண்ணுத ஆளு விண்ணப்பம் போட்டவங்ககிட்ட தனியாப் பேசவே கூடாது. பணம் குடுக்கவே கூடாது."

"அதுவும் நீ எழுதுன ரூலா?"

"இல்ல. அது முன்னாடியே உள்ளது."

"அரே, பக்கத்துலதானே இருக்கா. போயி ஹாலுக்காரன்ட்ட கட்டிட்டு வா. யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே! அந்த பேனர் கட்டின ஆளைக் கிழிகிழின்னு கிழிச்சது நான். இப்ப நானே விதியை மீறுனா என் மூஞ்சியில காறித் துப்புவாங்க."

"நக்கோ மா, உன்கிட்ட பேசறதே நக்கோ" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு டி.வி. பார்க்கப் போய்விட்டார். எனக்கு அவர் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் வந்த ஆத்திரம்.

சனிக்கிழமை காலை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பையில் பணம் இருந்தது. காய்கறி வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். எனக்கே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். குஷாய்குடா போகிற ரோட்டில் பெரிய கிராஸ்ரோடு வரைக்கும் போனேன். சிக்னல் விழுந்தது. ஹெல்மெட்டுக்குள் வியர்த்து ஊற்றியது. போய் என்ன சொல்வது? டீ எதற்கு என்று கேட்டேனே அந்த அம்மாள் நான்தான், இந்தா பணம் என்றா? அவள் அதற்கு நன்றி என்று இணையப் பக்கத்தில் எழுதிவிட்டால்? பச்சை விழுந்தது. பின்னால் பஸ்காரன் ஹாரனை அமுக்கினான். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். வரும் வழியில் இரண்டு கிலோ தக்காளி வாங்கினேன், வீட்டில் ஏற்கெனவே இருந்தும்.

இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு நான் காப்பாற்றினது விதியை இல்லை. என் பெயரைத்தான். ஆறு பெண்களின் அறையைவிட அது எனக்குப் பெரிதாக இருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போயிற்று. அவள் எங்கேயாவது புரட்டிக் கட்டியிருப்பாள், கெட்டிக்காரி என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் ஆபீஸ் மீட்டிங் நடுவில் மேஜைக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஐந்து பேரும் அப்போது எவ்வளவு ஒழுங்காக வாயை மூடிக்கொண்டிருந்தோம் தெரியுமா?

வியாழக்கிழமை பாஸ் ஆயிற்று. பச்சை நிறத்தில் டிக் வந்தது. முதல் ஆளாக நான்தான் வாழ்த்துகள் என்று போட்டேன். மேளாவுக்கு நேரில் வர ஆசை என்றும் எழுதினேன். அரை மணி கழித்து அவள் பதில் எழுதியிருந்தாள்.

"நன்றி. ஹால் போன ஞாயிற்றுக்கிழமையே கைமாறிவிட்டது. இந்த வாரம் அங்கே ஒரு பெண்ணுக்குத் தாவணி போடும் ஹாஃப் சாரி ஃபங்ஷன். அந்த அறையை ஒரு பார்சல் கம்பெனிக்குக் கொடுப்பதாகக் கமிட்டி சொல்லிவிட்டது. எங்களுக்குப் பணம் வேண்டாம். வேறு ஊருக்குக் கொடுங்கள்."

கோபமாக ஒரு வார்த்தை இல்லை. ஏன் இத்தனை கேள்வி கேட்டீர்கள் என்று இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அதற்குக் கீழே புனேக்காரர் வந்து கட்டைவிரல் படம் போட்டுவிட்டுப் போயிருந்தார். அட பாவி மனுஷா, எதற்கு அந்தக் கட்டைவிரல் என்று போனைப் பார்த்துக் கத்தினேன். கேன்டீனில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் முந்தின வாரம் அதே இடத்தில் அதே கட்டைவிரலைப் போட்டவள் நான்.

அன்றைக்கே விதியை மாற்றச் சொல்லி எழுதினேன். ஒரு விண்ணப்பத்துக்கு ஒரே ஒருமுறைதான் நாட்கள் முதலிலிருந்து எண்ணப்பட வேண்டும், கேட்க வேண்டியதை எல்லோரும் முதல் மூன்று நாளில் கேட்டுவிட வேண்டும் என்று. விதியை மாற்றுவதற்கும் அதே ஏழு நாள் ஏற்பாடுதான். ஆறாம் நாள் புனேக்காரர் ஒரு கேள்வி கேட்டார். பதில் போட்டேன். ஐந்தாம் நாள் கொச்சிக்காரி ஒரு கேள்வி கேட்டாள். நல்ல கேள்விதான், எனக்கே தோன்றியிருக்க வேண்டிய கேள்வி. என் முறை முடிந்து நான் வெளியே வரும்வரை அந்த விதி மாறவில்லை. இப்போதும் யாராவது கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள்.

மூன்று மாதம் கழித்து எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நோட்டீஸ் சுற்றி வந்தது. குஷாய்குடாவில் ஒரு அபார்ட்மென்டின் கார் பார்க்கிங்கில் ஞாயிற்றுக்கிழமை இலவசமாக ரிப்பேர் செய்து தருகிறார்கள் என்று. எங்கள் குழுவின் பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. யாரிடமும் பணம் கேட்டதாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டு மிக்ஸி ஒரு வாரமாகச் சட்னி அரைக்கும்போது நின்று நின்று போய்க்கொண்டிருந்தது. அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கிராஸ்ரோட்டு சிக்னலில் இந்தத் தடவை வண்டி தானாகத் திரும்பிவிடுமோ என்று பயமாக இருந்தது.

பார்க்கிங்கில் இரண்டு காரை வெளியே எடுத்துவிட்டு, கல்யாணத்துக்குப் போடும் மடக்கு மேஜைகள் மூன்று போட்டிருந்தார்கள். ஆறு பெண்கள். எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒரு இருபது பேர் மடியில் சாமானோடு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு டோக்கன் கொடுத்தார்கள். ஓரத்தில் அதே சிவப்பு சிலிண்டர் நின்றது. எங்கிருந்தோ கேட்டு வாங்கி வந்திருக்கிறார்கள். என் கேள்விக்காக எடுத்த போட்டோவில் அதன் பக்கத்தில் நின்றவள் நடு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். பாதி முகம் பார்த்திருந்தாலும் அடையாளம் தெரிந்தது. பக்கத்துப் பெண்ணிடம் தமிழில், "அந்த வயர இப்புடி இஸ்து புடிடி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தமிழ்க்காரி என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஐந்து வாரம் இங்கிலீஷில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தோமே.

என் முறை வந்தது. மிக்ஸியைக் கவிழ்த்து நாலு திருகாணியைக் கழற்றினாள்.

"இன்னா ஆவுது?"

"ஓடிக்கிட்டே இருக்கும்போது நின்னு போகுதும்மா."

"அட, நீங்களும் தமிழா அக்கா? எந்த ஊரு?"

"திருநெல்வேலி பக்கம். நீங்க?"

"எங்கப்பா வேலூரு. இங்க பெரிய ஃபாக்டரில வேல கெடச்சி வந்தாரு. நான் பொறந்தது இங்கதான்." பேசிக்கொண்டே கார்பன் பிரஷ்ஷை வெளியே எடுத்து என் முன்னால் வைத்தாள். தேய்ந்து சுண்டுவிரல் நகம் அளவுக்கு இருந்தது. "இது போயிடிச்சி. மாத்திடலாம், பத்து நிமிஷம்."

சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "இங்க ஏன் வச்சீங்க? ஹால் கிடைக்கலையா?" என்றேன்.

"ஹாலா? அது ஒரு கத அக்கா. ஒரு குரூப்பு இருக்குது, காசு தரேன்னாங்க. நல்ல ஜனங்கதான். மரியாதையா கேட்டாங்க. கேட்டுக்கினே இருந்தாங்க. ஒவ்வொரு தபாவும் ஏழு நாளு. ஹால் பூடுச்சி, ரூமும் பூடுச்சி. அந்தே, அவ்ளோதான்." சிரித்தாள். "இப்ப அந்த ரூம்புல அட்டப் பொட்டியா அடுக்கி வெச்சிக்கீறாங்க."

அப்போது ஒரு பெண் தட்டில் டீ கொண்டுவந்தாள். பேப்பர் கப். நாற்காலியில் இருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே வந்து எனக்கும் நீட்டினாள். தட்டு காலியாயிற்று. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆறு பேரில் ஒருத்தர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உங்களுக்கு?" என்றேன்.

"எங்களுக்கு இல்ல அக்கா. கையில காசு கம்மி, ஒரு தபாதான் போட முடிஞ்சிது. அதுவும் இன்னொரு தபா டீ எதுக்குன்னு கேப்பாங்களே!" என்றாள். பக்கத்தில் இருந்தவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். அவர்களுக்குள் இது பழகிப்போன கேலி என்று தெரிந்தது. மூன்று மாதமாக இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

கப் என் கையைச் சுட்டது. குடிக்கவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை. "அதைக் கேட்டது நான்தான்" என்றேன்.

அவள் கை நிற்கவில்லை. புது பிரஷ்ஷை உள்ளே தள்ளி, ஸ்பிரிங்கை அழுத்தி, மூடியைப் போட்டாள். பக்கத்துப் பெண் மட்டும் நிமிர்ந்து என்னைத் தலையிலிருந்து கால் வரை ஒருமுறை பார்த்தாள். நான் ஏதேதோ உளறினேன். திரும்பப் பெறப் பார்த்தேன், முடியவில்லை, சனிக்கிழமை கிராஸ்ரோடு வரைக்கும் வந்தேன் என்றெல்லாம். "பணம்கூட எடுத்துட்டு வந்தேன்" என்று சொன்னபோது அவள் முதல்முறையாகத் தலையைத் தூக்கினாள்.

"கிராஸ்ரோடு வரிக்கும் வந்தீங்களா?" என்றாள். "அங்கேர்ந்து ரெண்டு நிமிஷம்தானே அக்கா."

நாலு திருகாணியையும் வரிசையாக முடுக்கினாள். ஜாரை மாட்டி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். நிற்காமல் ஓடியது. துணியால் துடைத்து என் பையில் அவளே வைத்தாள். அடுத்த டோக்கன் நம்பரைக் கூப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"எட்துக்கினு போயி அரச்சிப் பாருங்க. ஏழு நாளு. நீங்க ஒண்ணும் சொல்லலன்னா சரியாயிடுச்சின்னு வெச்சிக்கிறோம்."

டீயைக் குடிக்காமலே அவள் மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு வந்தேன். அவள் அதை எடுத்தாளா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை தேங்காய்ச் சட்னி அரைத்தேன். மிக்ஸி புதுசு மாதிரி ஓடியது. ஆனால் ஜார் மூடியில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் காணோம். சட்னி சுவரெல்லாம் தெறித்தது. அவர்கள் மேஜையில் விழுந்திருக்கலாம். என் பையிலிருந்து வழியில் விழுந்திருக்கலாம்.

"நோட்டீஸ்ல நம்பர் இருக்குதே மா, ஃபோன் பண்ணிக் கேளேன்" என்றார் வீட்டுக்காரர், சட்டையில் விழுந்த சட்னியைத் துடைத்துக்கொண்டே.

"நான் கேக்க மாட்டேன்" என்றேன்.

"நீயா? கேக்க மாட்டியா?"

போன் மேடை மேலேயே இருந்தது. ஒரு வரிக் கேள்விதான். செவ்வாய்க்கிழமை நம்பரை எடுத்து வைத்தேன், போடவில்லை. ஆறாம் நாள் விரல் ரொம்பவே துடித்தது. ஏழு நாளும் இடது கையால் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் அரைத்தேன்.